கடலில் நீந்துகிற பிள்ளை ஃப்ரீஸ்டைலில் எவ்வளவு தூரம் போகும்?

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகளுக்கு 11 வயது. அவர் ஊர் அணிக்குக் கால்பந்து ஆடியவர். மனைவி கல்லூரி நாட்களில் 400 மீட்டர் ஓடியவர். மூத்த பையன் பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறான். "சின்னவள் கடலில் பயமே இல்லாமல் நீந்துகிறாள். எங்கள் வீட்டில் விளையாட்டு ரத்தத்திலேயே இருக்கிறது. ஃப்ரீஸ்டைல் போட்டியில் இவள் எவ்வளவு தூரம் போவாள்? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?" இதுதான் கேள்வி.

நான் பதினேழு வயது வரை போட்டிகளில் நீந்தியவன். இப்போது நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். முதலில் சுருக்கமாக: மாநிலப் போட்டி வரைக்கும் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்கு மேலே போவதை ரத்தம் தீர்மானிக்காது அண்ணே. உங்கள் வீட்டுக்கும் நாகர்கோவில் நீச்சல் குளத்துக்கும் இடையிலுள்ள இருபது கிலோமீட்டரும், அடுத்த ஏழெட்டு வருடம் அதிகாலையில் அந்த வீட்டில் யார் எழுந்திருக்கப் போகிறார் என்பதும்தான் தீர்மானிக்கும்.

விளையாட்டுக் குடும்பம் என்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. அதனால் பெரிய லாபம் உண்டு. தோற்றுவிட்டு வருகிற பிள்ளையிடம் என்ன பேசக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும். கை கால் வலிப்பதற்கும் அடிபட்டதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு டிவியை அணைக்க வேண்டும் என்றால் காரணம் கேட்க மாட்டீர்கள். இதெல்லாம் இல்லாத வீடுகளில் இருந்து வருகிற பெற்றோருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே எனக்கு இரண்டு வருடம் போகிறது. ஆனால் இதே குடும்பப் பின்னணி இன்னொரு இடத்தில் பிள்ளையை அமுக்கியும் விடும். அதை அனுபவித்தவன் என்பதால் பின்னால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடலில் இருந்து தொடங்கலாம். உங்கள் மகள் கடலில் நன்றாக நீந்துகிறாள் என்பதை நான் அப்படியே நம்புகிறேன். அவள் குளத்துக்கு வந்த முதல் நாள் எப்படி இருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். முட்டம் பக்கத்திலிருந்து ஒரு பையனைக் கோடை விடுமுறையில் கூட்டி வந்தார்கள். நல்ல தோள், நீளமான கை. தண்ணீரில் குதித்தான், தலையை முழுக்க மேலே தூக்கிக்கொண்டு அடித்துக்கொண்டே போனான். "ஏம்லே தலையைத் தூக்குகே?" என்றேன். "அலை வருதான்னு பாக்கணும்லா சார்" என்றான். இருபத்தைந்தாவது மீட்டரில் சுவர் வந்ததும் பிடித்து நின்று, இரண்டு கையாலும் முகத்தை வழித்துவிட்டு, திரும்பிப் பார்த்து, அப்புறம் தள்ளினான். பக்கத்து லேனில் அவனைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளை, தோளில் பாதிகூட இல்லை, அதற்குள் ஆறேழு மீட்டர் முன்னால் போய்விட்டது.

காரணம் எளிது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அது உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். தலையைத் தூக்கினாலும் கால் அவ்வளவாகத் தாழாது. குளத்து நல்ல தண்ணீரில் தலை ஒரு சாண் மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போய்விடும், உடம்பு சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். பழைய காலத்தில் நம் ஊர்க் குளங்களில் இரண்டு தேங்காய் நெற்றைக் கட்டி நெஞ்சுக்கடியில் விட்டுத்தானே நீச்சல் பழக்கினார்கள்? அதில் பழகியவர்களுக்கும் இதே குறைதான்: நெஞ்சு மேலே, கால் கீழே. மூழ்காமல் இருக்க அது போதும், வேகத்துக்கு ஆகாது. தரையைப் பார்த்துத் தலையை வைத்து, மூச்சுக்கு மட்டும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பப் பழக்கவே மூன்று நான்கு மாதம் ஆகும். கடல் பிள்ளைகளுக்கு இந்த மாதங்கள் ரொம்ப எரிச்சலாக இருக்கும். "எனக்கு நீச்சல் தெரியுமே, இவங்க எதுக்குப் படிப்பிக்கிறாங்க" என்று கேட்கும். அந்த நேரத்தில் வீட்டில் நீங்களும் அதே கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள்.

அப்புறம் சுவர். கடலில் சுவர் கிடையாது, போட்டி நீச்சலில் பாதி விளையாட்டே சுவரில்தான் இருக்கிறது. 25 மீட்டர் குளத்தில் 400 மீட்டர் நீந்தினால் 15 தடவை திரும்ப வேண்டும், 1500 மீட்டர் என்றால் 59 தடவை. 50 மீட்டர் குளத்தில் அது 7, 29 என்று குறையும். ஒரு டர்னில் அரை விநாடி விட்டால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். சுவரை நெருங்கும்போது குட்டிக்கரணம் போட்டு, காலால் உதைத்து, இரண்டு கையையும் காதோடு ஒட்டி நீட்டி, தண்ணீருக்கடியில் டால்ஃபின் போல் உடம்பை அலைத்துக்கொண்டு வர வேண்டும். தொடக்கத்திலும் ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும் என்பது விதி. இன்று பெரிய நீச்சல்காரர்கள் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த 15 மீட்டருக்குள்தான்.

ஃப்ரீஸ்டைல் என்பது உண்மையில் ஒரு நீச்சல் முறையின் பெயரே இல்லை. அந்தப் பந்தயத்தில் எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம் என்பதே அர்த்தம். கையை மாற்றி மாற்றி வீசி நீந்துகிற முறைதான் வேகமானது என்பதால் எல்லோரும் அதையே நீந்துகிறார்கள். அதில் 50, 100, 200, 400, 800, 1500 என்று ஆறு தூரங்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1500-உம் ஆண்களுக்கு 800-உம் டோக்கியோவில்தான் சேர்ந்தன. 50 மீட்டர் வெடி போட்ட மாதிரி முடிந்துவிடும். 1500 வேறு உலகம். 11 வயதில் எந்தத் தூரம் என்று யாரும் முடிவு செய்யக்கூடாது. செய்கிற கோச் இருந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இப்போது உங்கள் மனைவிக்கான கணக்கு ஒன்று. ஓட்டத்தில் பழகியவர்கள் நீச்சல் தூரத்தைத் தவறாகவே புரிந்துகொள்வார்கள். தோராயமாக நாலால் பெருக்க வேண்டும். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் உலக சாதனை 46.40 விநாடி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே நீந்தியது. 400 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனை 43.03. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உழைப்பு. 400 மீட்டர் நீச்சலோ 3 நிமிடம் 39.96 விநாடி. ஓட்டத்தில் 1500 மீட்டருக்கு 3 நிமிடம் 26 விநாடி. ஆக, 400 மீட்டர் ஓடியவர் தன் பிள்ளையின் 400 மீட்டர் நீச்சலைப் பார்த்து ஆலோசனை சொன்னால், 400 ஓடத் தெரிந்தவர் 1500 ஓடுகிறவருக்குச் சொல்வது போல.

எனக்கு நடந்தது அதுதான். என் அப்பா காவல்துறையில் இருந்தார், துறை போட்டிகளில் 400 மீட்டர் ஓடியவர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் அவரைக் குளத்துப் பக்கம் பார்க்க முடியாது. ஓட்டத்தில் அவருடைய ஒரே சூத்திரம், முதல் பாதியில் ஓடிவிடு, மீதியைப் பல்லைக் கடித்து முடி என்பது. எனக்குப் பதினாறு வயது. சென்னை வேளச்சேரியில் மாநிலப் போட்டி, 400 ஃப்ரீஸ்டைல். முந்தின நாள் ராத்திரி லாட்ஜில் வைத்து, "முதல் 200-ல நீ லீட்ல இருக்கணும்" என்றார். இருந்தேன். 200-ல் திரும்பும்போது பக்கத்தில் யாரும் இல்லை, அந்தச் சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 250-ல் முன்கை கட்டை மாதிரி ஆனது. கையை வைத்தால் தண்ணீர் பிடிபடவில்லை, விரலிடுக்கில் நழுவுகிறது. 300-ல் இரண்டு பேர் தாண்டினார்கள், முடிக்கும்போது நான் ஆறாவது.

தண்ணீரின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் செலவு ரொம்பக் கூடும். அதனால்தான் நல்ல 400 நீச்சல்காரர்கள் முதல் 200-ஐயும் கடைசி 200-ஐயும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நீந்துகிறார்கள். என் கோச் இதைச் சொல்லியிருந்தார். ஆனால் வீட்டுக்குள் ஒரு ஓட்டக்காரர் இருக்கும்போது கோச் சொல்வது எப்படி காதில் ஏறும்? அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. திரும்பி வரும் ரயிலில், மதுரை தாண்டும் வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் "நான் சொன்னது தப்பாப் போச்சு மக்கா" என்றார். அடுத்த வருடம் தோள் வலி வந்து நான் விட்டேன். பயிற்சிக்கு மேல் பயிற்சியாக வீட்டில் அவர் சொன்ன தண்டால் கணக்கும் அதற்கு ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

குடும்பம் சரியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் இருக்கிறார். சஜன் பிரகாஷ். இடுக்கியில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்தவர். அம்மா வி.ஜே. சாந்திமோள் தடகள வீராங்கனை, என்.எல்.சி-யில் வேலை. மகனை ஓட்டத்துக்கு இழுக்காமல் அங்கிருந்த குளத்தில் விட்டார்கள். அவர் முதன்மையாகப் பட்டர்ஃபிளை (இரண்டு கையையும் ஒன்றாக வீசுகிற முறை) நீச்சல்காரர், ஆனால் ஃப்ரீஸ்டைலிலும் தேசிய அளவில் ஜெயித்தவர். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின் நீச்சல் நம்ம ஊருக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தைத் தாண்டிப் பிரப்பன்கோட்டில் நடந்தது. அதில் 6 தங்கம், 3 வெள்ளி. பிறகு கழுத்தெலும்பு வட்டு (டிஸ்க்) நழுவிக் கஷ்டப்பட்டார். அதிலிருந்து எழுந்து 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடியாக நுழைய வேண்டிய 'ஏ' தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்தியர் ஆனார். தகுதி நேரம் 1:56.48. அதாவது பத்தில் ஒரு விநாடி மிச்சம்.

நீச்சல் குடும்பம் என்றால் அமெரிக்காவின் கேரி ஹால் ஜூனியர். அப்பா கேரி ஹால் சீனியர் 1968, 1972, 1976 மூன்று ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியவர். தாய்வழித் தாத்தாவும் நீச்சல்காரர். அப்பா மெட்லியும் (நான்கு முறையையும் சேர்த்து நீந்துவது) பட்டர்ஃபிளையும் நீந்தினார், மகன் எடுத்துக்கொண்டதோ 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அப்பாவோடு ஒப்பிடவே முடியாத ஒரு தூரம். 1999-ல் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது, நீச்சல் முடிந்தது என்றார்கள். அடுத்த வருடம் சிட்னியில் ஆன்டனி எர்வினோடு சேர்ந்து 21.98 விநாடியில் சமமாகத் தங்கம் வாங்கினார், 2004 ஏதென்ஸில் தனியாக 21.93-ல் மறுபடியும். அவருடைய கதையில் எனக்குப் பிடித்தது பதக்கங்கள்கூட இல்லை, குடும்பத்தின் தூரத்தை விட்டுத் தன் தூரத்தைப் பிடித்ததுதான். கேட்டி லெடெக்கியின் அம்மாவும் கல்லூரி அணியில் நீந்தியவர். 2012-ல் 15 வயதில் 800 ஃப்ரீஸ்டைல் தங்கம், அதே பந்தயத்தை 2024 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் விடவில்லை. எல்லோரும் லெடெக்கி ஆக முடியாது, அதனால் இந்த உதாரணத்தைப் பிள்ளை முன்னால் அடிக்கடி எடுக்காதீர்கள்.

குடும்பம், குளம் எதுவும் இல்லாமல் வந்தவர்களும் உண்டு. சச்சின் நாக் கங்கையில் நீந்தி வளர்ந்தவர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வாங்கினார். இன்று வரை ஆசிய விளையாட்டு நீச்சல் பந்தயத்தில் இந்தியாவுக்கு அது ஒன்றுதான் தங்கம். ஆற்றில் நீந்தி ஆசியாவை ஜெயிக்கிற காலம் அது. இப்போது முடியாது, அதைக் கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி உங்கள் மகளின் பாதை. பள்ளி வழியாகக் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறலாம். முதலமைச்சர் கோப்பையிலும் நீச்சல் உண்டு. இன்னொரு பக்கம் மாவட்ட, மாநில நீச்சல் சங்கங்களின் வயதுப் பிரிவுப் போட்டிகள், அதிலிருந்து தேசிய சப் ஜூனியர், ஜூனியர். இரண்டிலும் போகட்டும். பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். போட்டி அன்று காலையில் அதற்காக அழுகிற பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன்.

11 வயதில் வாரத்துக்கு நாலு நாள், ஒரு மணி நேரம் போதும். பதின்மூன்றில் ஆறு நாள் ஆகும். பதினைந்தில், தொடர்ந்தால், காலை மாலை இரண்டு வேளை, ஒரு வேளைக்கே 5 கிலோமீட்டர் போகும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கக் குளத்தில் அடிப்படை கிடைக்கும். ஆனால் 50 மீட்டர் குளத்தில் தொடர்ந்து நீந்த வேண்டிய கட்டம் வரும். அப்போது வடக்கே சென்னை 700 கிலோமீட்டர், மேற்கே திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம். குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் நின்றுபோவது இந்த இடத்தில்தான், திறமை குறைந்து இல்லை. பெங்களூருக்குப் போய்த் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் அதிகம். 2024 பாரிஸில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திய 14 வயது தினிதி தேசிங்குவும் பெங்களூர்தான். பாரிஸில் அவர் நேரம் 2:06.96, இடம் 23. இந்தியாவின் மிகச் சிறந்த சிறுமிக்கே உலகத்தில் இடம் இது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

பெண்பிள்ளைக்கு இன்னொரு விஷயம் உண்டு. பன்னிரண்டு பதினான்கு வயதில் உடம்பு மாறும்போது டைமிங் நின்றுவிடும், சிலருக்கு ஒரு வருடம் பின்னாலும் போகும். பையன்களுக்கு உடம்பு மாறும்போது தோள் விரிந்து நேரம் தானாகக் குறையும். அந்த வருடத்தில் "முன்னாடி நல்லா நீந்தினாளே" என்று வீட்டில் யாரும் வாய்திறக்கக் கூடாது. மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது என்று அவளிடம் பேச ஒரு பெண் வேண்டும். நல்லவேளை, உங்கள் வீட்டில் ஓடிய ஒரு பெண் இருக்கிறார். ஸ்டாப்வாட்ச் பிடிப்பதைவிட அவருக்கு முக்கியமான வேலை இதுதான்.

சாப்பாட்டுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் இருக்கிற வீட்டில் புரோட்டீன் டப்பா எதற்கு? பயிற்சி முடிந்ததும் இரண்டு ஏத்தம்பழமும் (நேந்திரம்) அவித்த முட்டையும் பையில் இருக்கட்டும். செலவு என்றால் நல்ல கண்ணாடி, இரண்டு நீச்சலுடை, தொப்பி, பஸ் காசு. போட்டிக்கென்று விலையுள்ள உடை தேசிய அளவுக்குப் போகும்வரை அவசியமே இல்லை.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் மனதுக்குள் கேட்பது அதுதான். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் காவல்துறையும் எடுக்கின்றன. கல்லூரியில் இடமும் கட்டணச் சலுகையும் மாநிலப் பதக்கத்துக்கே கிடைப்பதுண்டு. தேசியப் பதக்கம் இல்லாமல் நீச்சலை மட்டும் நம்பிப் படிப்பை விடச் சொல்ல மாட்டேன்.

ஊர்த் திருவிழாவில் கொடியேறிய நாளிலிருந்து தேர் வரை கால்பந்து டோர்னமென்ட் நடக்கும், மாநிலப் போட்டியும் சரியாக அந்த வாரத்தில் வந்து விழும். அப்பா எங்கே போகிறார் என்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது மட்டும் "பழக்கம் விட்டுப்போகும்" என்று கடலில் இறக்காதீர்கள். அந்த நாட்களில் குளம் போதும்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூட்டி வாருங்கள், நீந்தவிட்டுப் பார்க்கலாம். தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் வரட்டும். போன வாரம் ஒரு பிள்ளை தேங்காயெண்ணெய் சொட்டச் சொட்டக் குதித்து, குளத்தில் வேலை பார்க்கிற அண்ணன் என்னை விரட்டியதுதான் மிச்சம்.